எத்தனையாவது மாடி?

நாகனுமா
அக்டோபர்

அன்புள்ள மகளுக்கு,

ஷினானோ ஸ்வீட் ஆப்பிள் பறித்து முடித்தாயிற்று. உனக்கு ஒரு பெட்டி அனுப்பியிருக்கிறேன். ஃபூஜி நவம்பரில்தான். தோக்கியோவின் எதோகவா வட்டாரத்தில் நீ வீடு வாங்குகிறாய் என்பதை உன் அம்மா ஊர் முழுவதும் சொல்லிவிட்டாள். எனக்கும் பெருமைதான். ஆனால் அது எத்தனையாவது மாடி என்று இரண்டு முறை கேட்டும் நீ பதில் எழுதவில்லை.

எதோகவாவின் நிலத்தில் ஏறத்தாழ 70 சதவீதம் கடலேற்ற மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. ஒரு பக்கம் அராகவா ஆறு, மறுபக்கம் எதோ ஆறு, தெற்கே வளைகுடா. 2019இல் அந்த வட்டார நிர்வாகமே வீடுதோறும் கொடுத்த வெள்ள வரைபடத்தின் அட்டையில், இங்கே இருக்கக் கூடாது என்று அச்சிட்டிருந்தது. வீட்டைக் காட்டிய தரகர் இதைச் சொன்னாரா?

நம் ஊரும் பள்ளம்தானே என்பாய். உண்மை. நாகனுமா என்றால் நீண்ட சதுப்பு. பக்கத்திலுள்ள அகானுமா சிவந்த சதுப்பு. கோபுஷி மலையில் பிறக்கும் சிகுமா ஆறும், காமிகோச்சியிலிருந்து வரும் நீரைச் சுமந்த சாய் ஆறும் நாகானோ சமவெளியில் கூடி, அகலமாகப் பரந்து வந்து, தாத்தேகஹனாவில் மலைகள் நெருங்கும் குறுகிய வாயில் முட்டிக்கொள்வதால், மிஞ்சிய தண்ணீர் பின்வாங்கி நம் தோட்டங்களில்தான் ஏறுகிறது. 1742இன் நாய் ஆண்டுப் பெருவெள்ளம் எவ்வளவு உயர்ந்தது என்று கோயில் தூணில் இட்டிருக்கும் குறியைத் தொட, உன்னைத் தோளில் தூக்கியும் உன் கை எட்டவில்லை. எட்டு மாகாணங்கள் சூழ்ந்தும் ஒரு முழம் கடற்கரை இல்லாத நம் நாகானோ மாகாணத்தில் பிறந்த நீ, இந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று ஓயாமல் கேட்டதால், 367 கிலோமீட்டர் ஓடி அது கடலில் சேரும் நீகாத்தாவுக்கு உன்னை அழைத்துப் போனேன். இனிமேல் கடல் தெரியும் இடத்தில்தான் இருப்பேன் என்று அன்று நீ சொன்னபோது நான் சிரித்திருக்கக் கூடாது.

கீழ்த்தளம் வேண்டாம். இரண்டாம் மாடியும் போதாது. வெளியேறச் சொன்னால் முதல் அறிவிப்பிலேயே வெளியேறு. வாங்கிய பொருள்களைப் பார்த்துக்கொண்டு நிற்காதே.

இதைச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. 2019 அக்டோபர் 12ஆம் தேதி, சூறாவளி அடித்த இரவு, நீ மூன்று முறை தொலைபேசியில் அழைத்தாய். பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் அம்மாவோடு இருக்கிறேன் என்றேன். அது பொய். அம்மாவை அங்கே விட்டுவிட்டு, கடனில் வாங்கிய மருந்து தெளிக்கும் வண்டியை மேட்டில் ஏற்றத் திரும்பி வந்தேன். விடிவதற்குள் ஹொயாசுவில் சிகுமா ஆற்றின் கரை உடைந்தது. வண்டியும் போயிற்று, கிழக்கு வரிசை மரங்களும் போயின. அகானுமா பணிமனையில் பத்து ஷின்கான்சென் அதிவேக ரயில் தொடர்கள் சேற்று நீரில் நின்றதை நீ தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், நான் நம் மாடியில், இடுப்பளவு தண்ணீரில், உன் பழைய படிப்பு மேசை மேல் உட்கார்ந்திருந்தேன். பிற்பகலில் ஹெலிகாப்டரில் தூக்கினார்கள். அம்மாவையும் உன்னிடம் சொல்லவிடாமல் தடுத்தேன். அடுத்த வாரம் நீ மண்வெட்டியோடு வந்து, மேசை எப்படி உடைந்தது என்று கேட்டபோது, தண்ணீர் என்றேன். நீ என்னையே பார்த்தாய். பிறகு ஒன்றும் கேட்கவில்லை. அதன் பிறகுதான் உன் கடிதங்கள் சுருங்கின.

பெட்டியின் அடியில் நொசவானா கீரை வைத்த ஓயாகி கொழுக்கட்டை இருக்கிறது, அன்றே சாப்பிட்டுவிடு. எத்தனையாவது மாடி என்பதை அம்மாவுக்காவது எழுது.

அப்பா