அந்தத் தராசை இறக்கி வையுங்கள்: பதிப்பாளர்களுக்கும் அட்டை வடிவமைப்பாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

நீதி கேட்டு அலைந்த ஒருவர் தன் வரலாற்றை எழுதித் தருகிறார். நீங்கள் அட்டையில் ஒரு தராசைப் போட்டு அச்சுக்கு அனுப்பிவிடுகிறீர்கள். தராசு இல்லையென்றால் கண்கட்டிய தேவதை. அவளும் இல்லையென்றால் மரச் சுத்தியல். கறுப்புப் பின்னணி, சிவப்பு எழுத்து. தலைப்பை மறைத்துவிட்டால் எது யாருடைய வாழ்க்கை என்று எழுதியவருக்கே தெரியாது.

சுத்தியலை முதலில் தூக்கிப் போடுங்கள். அமெரிக்க நீதிமன்றக் காட்சிகளிலிருந்து ஒட்டிக்கொண்டது அது. இங்கிலாந்தின் குற்றவியல் நீதிமன்றங்களில் என்றைக்குமே புழங்கியதில்லை. கண்கட்டின் கதை இன்னும் வேடிக்கை. பழைய ரோமாபுரியின் நீதி தேவதைக்குக் கண்கட்டு கிடையாது. 1494இல் பாசல் நகரில் அச்சான ஓர் அங்கத நூலின் மரச்செதுக்குப் படத்தில், பின்னால் நிற்கும் கோமாளி அவள் கண்ணைக் கட்டுகிறான். கிண்டலுக்கு வரைந்த படம்! பாரபட்சமின்மை என்ற பெருமை பிறகுதான் அதற்கு ஏறியது. 1543இல் பெர்ன் நகர நீரூற்றில் நிறுவிய சிலைக்குக் கண்கட்டு உண்டு. லண்டனின் ஓல்டு பெய்லி குற்றவியல் நீதிமன்றத்தின் உச்சியில் நிற்பவளுக்கு இல்லை. நீங்கள் எந்தப் பொருளில் கட்டுகிறீர்கள், மரியாதையாகவா, நையாண்டியாகவா? பிரதியைப் படித்தவருக்குத்தான் விடை தெரியும்.

தராசு தீர்ப்புச் சொல்பவரின் சின்னம். வழக்காடியவர் கையில் இருந்தவை வேறு: மடிப்பில் கிழிந்த மனு நகல், பாதி மட்டும் விழுந்த ஊதா முத்திரை, வாய்தாவுக்கு வாய்தா அடித்துத் திருத்திய தேதிகள். இவற்றில் ஒன்று போதும். அதையும் முழுதாகக் காட்ட வேண்டாம்; அந்த அரை முத்திரையைப் பெரிதாக்கி, மேலே தலைப்பைச் சிறிதாக வைத்துப் பாருங்கள்.

பாண்டியன் அவைக்குக் கண்ணகி ஏந்திப்போனது ஒற்றைச் சிலம்பு. இளங்கோவடிகளின் காப்பியம் பெயர் பெற்றதும் அந்தச் சான்றுப் பொருளால்தான். நம்மிடம் இல்லாத மரபையா கேட்கிறேன்?

அழும் முகத்தை அட்டை முழுக்க நிரப்புவது இன்னொரு நோய். வென்று மீண்டவரையும் அது பதிப்புக்குப் பதிப்பு அழ வைக்கிறது.

ஆகவே, வடிவமைப்பாளருக்கு மூன்று வரிச் சுருக்கத்தை அனுப்பாமல் முழுப் பிரதியைக் கொடுங்கள். படிக்கும் நேரத்துக்கும் சேர்த்து ஊதியம் பேசுங்கள். மாதிரி அட்டை வந்ததும், அச்சேற்றுவதற்கு முன், எழுதியவரிடம் காட்டி, ‘இதில் உங்களுடையது எது?’ என்று கேளுங்கள். அவர் விரல் வைக்க இடமில்லையென்றால் வேறு அட்டை போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்