குவார்ட்டர்பேக்குக்காக அடுத்த வருட விளைச்சலை அடகு வைக்கலாமா?

சான்டா கிளாரா,
கலிஃபோர்னியா

அன்புத் தம்பிக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று மறக்காமல் எழுது.

ஏப்ரல் கடைசியில் இந்த ஊரில் நாலு பேர் கூடினால் பேச்சு ஒன்றுதான்: அமெரிக்கக் கால்பந்து லீகான என்எஃப்எல்லில் புது ஆட்களை எடுக்கும் டிராஃப்ட். கல்லூரியில் ஆடிய பையன்களை 32 அணிகளும் 7 சுற்றுகளில் வரிசைப்படி எடுக்கும். போன வருடம் மோசமாகத் தோற்ற அணிக்கு முதல் இடம். ஐபிஎல் ஏலம் மாதிரி பணத்தைக் கொட்டி முந்த முடியாது. முந்த வேண்டுமென்றால் உன் கையிலிருக்கும் இடங்களைக் கொடுக்க வேண்டும், அடுத்த வருடத்து இடங்களையும் சேர்த்து. ஆட்டத்தை நடத்திப் பந்தை எறிகிற குவார்ட்டர்பேக் ஒருவனுக்காக அது தகுமா என்று கேட்டிருந்தாய். தகும், ஆனால் அணி ஏற்கெனவே ஜெயிக்கிற அணியாக இருந்தால் மட்டும்.

இடங்களை மாற்றிக்கொள்ள விலை பேச இங்கே ஒரு பழைய பட்டியல் உண்டு. ஜிம்மி ஜான்சன் டல்லாஸ் அணியின் பயிற்சியாளராக இருந்த காலத்தில் வந்தது. 1ஆவது இடம் 3000 புள்ளி, 10ஆவது 1300, 27ஆவது 680, 91ஆவது 136. 2017-இல் கான்சஸ் சிட்டி அணி 27இலிருந்து 10க்குத் தாவியது. 27ஐயும் 91ஐயும் கொடுத்தார்கள், கூட்டினால் 816. குறைந்த 484க்கு 2018இன் முதல் சுற்று இடத்தை வைத்தார்கள். எடுத்தது பேட்ரிக் மஹோம்ஸ் என்ற குவார்ட்டர்பேக்கை. அந்த அணி முந்தின பருவத்தில் 12 ஆட்டம் ஜெயித்திருந்தது. அனுபவமுள்ள குவார்ட்டர்பேக் அலெக்ஸ் ஸ்மித் இருந்ததால் பையனை அவசரப்பட்டு இறக்கவில்லை. முதல் வருடம் ஒரே ஓர் ஆட்டம்தான். அந்த வருடமும் அணி ஜெயித்ததால், கொடுத்த இடம் 22ஆவதாகப் போய் விழுந்தது. அடகு வைத்த நெல் குறைந்த விலைக்குப் போனது என்று வைத்துக்கொள்.

2023-இல் கரோலினா செய்ததைப் பார். 9இலிருந்து 1க்குப் போக, அந்த 9ஆவது இடம், 61ஆவது இடம், 2024இன் முதல் சுற்று, 2025இன் இரண்டாம் சுற்று, போதாததற்கு டி.ஜே. மூர் என்ற நல்ல ரிசீவர். சிகாகோவுக்குக் கொடுத்த கணக்கு இது. வாங்கியது பிரைஸ் யங்கை. பந்தை எறிகிறவனை வாங்க, பிடிக்கிறவனையே விற்றுவிட்டார்கள். முன்னால் நின்று தடுக்கும் ஆட்களும் தாங்கவில்லை. பந்து கைக்கு வந்து மூன்று விநாடிக்குள் யாரிடம் எறிவது என்று முடிவெடுக்க வேண்டிய பையன், அதற்குள் முதுகில் இடி வாங்கி விழுகிறான். அந்தப் பருவத்தில் மட்டும் 62 முறை. அணி 2 ஜெயித்து 15 தோற்றது. அதனால் கொடுத்திருந்த 2024 இடம் வரிசையில் 1ஆவதாக வந்து நின்றது. அதில் சிகாகோ கேலப் வில்லியம்ஸை எடுத்துக்கொண்டது. பட்டியல் இதைச் சொல்லாது: வருங்கால இடத்தின் விலை நீ தோற்கத் தோற்க ஏறும்.

எங்கள் ஊர் ஃபார்ட்டி நைனர்ஸ் அணியும் 2021-இல் 12இலிருந்து 3க்குப் போய் ட்ரே லான்ஸ் என்ற குவார்ட்டர்பேக்கை எடுத்தது. கொடுத்தது முதல் சுற்று இடங்கள் மூன்று, மூன்றாம் சுற்று இடம் ஒன்று. லான்ஸுக்குக் கணுக்கால் முறிந்தது, மொத்தம் 4 ஆட்டம் தொடங்கினார், 2023-இல் நான்காம் சுற்று இடத்துக்கு டல்லாஸுக்கு விற்கப்பட்டார். 2022இன் கடைசி ஆளாக, 262ஆவதாக, எடுத்த குவார்ட்டர்பேக் பிராக் பர்டிதான் அவர்களை 2024 பிப்ரவரியில் இறுதியாட்டமான சூப்பர் பவுலுக்குக் கொண்டுபோனார். அங்கே மஹோம்ஸிடம் 25-22 என்று தோற்றார்கள். தாவல் பொய்த்தும் அணி சாயவில்லை, ஏனென்றால் மற்ற ஆட்கள் இருந்தார்கள்.

தாவுவது தகும் என்பதற்கு ஒரு காரணம் சம்பளம். அணிகளும் ஆட்டக்காரர் சங்கமும் போட்ட 2011 ஒப்பந்தத்துக்குப் பின் புதுப் பையன்களின் சம்பளத்துக்கு வரம்பு உண்டு: 4 வருடம், முதல் சுற்று ஆளானால் அணி விரும்பினால் ஐந்தாவது வருடமும். அந்த மலிவான வருடங்களில் மிச்சமாகும் பணத்தில்தான் மற்ற ஆட்களை வாங்க வேண்டும். ஆனாலும் முதலில் தடுப்பு வரிசையை நிரப்பு, பிடிக்கிறவனை விற்காதே, பிறகு தாவு. தாவும்போதும் இந்த வருடத்து இடங்களை முதலில் நீட்டு. அடுத்த வருட முதல் சுற்று ஒன்றுக்கு மேல் கேட்டால் எழுந்து வந்துவிடு.

மஹோம்ஸ் ஆடும் ஆட்டத்தின் காணொளியை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். முதலில் அவரைப் பார்க்காதே, அவருக்கு முன்னால் நிற்கும் ஐந்து பேரைப் பார். அப்பாவுக்கும் போட்டுக் காட்டு.

அன்புடன்,
அண்ணன்