மேல் ஸ்தாயி பஞ்சமம்

அன்புள்ள சேகருக்கு,

பொங்கலுக்கு நீ எழுதியதற்கு இப்போதுதான் பதில் போடுகிறேன். கோபித்துக்கொள்ளாதே. வீட்டில் எல்லாரும் நலம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது.

விஷயம் வேறு. மாஸ்டருடைய கிளாரினெட்டைக் கெடுத்துவிட்டார்கள்டா.

மேல் துண்டில் மெல்லிய விரிசல் விட்டிருந்தது. ரிப்பேருக்குக் கொடுத்தேன். பசை வைத்து அடைத்தவர், உள்ளே வழிந்ததை எடுக்கக் குச்சியில் உப்புத்தாளைச் சுற்றித் தேய்த்திருக்கிறார். டார்ச் அடித்துப் பார்த்தேன். ஊதுவாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, அந்த இடம் மட்டும் பளபளப்புப் போய் மங்கலாக இருக்கிறது. மயிரிழை அளவுதான் அகன்றிருக்கும். ஆனால் ராயபுரத்துத் தேர்ப்பவனியில் ஊதும்போது கீழ் ச இறங்கி நிற்கிறது, மேல் ஸ்தாயி ப ஏறிப் போகிறது. பின்னால் டிரம்பெட்காரர் என்னையே பார்க்கிறார்.

ஒரே உள்துளை, ஒரே தேய்ப்பு. ஒன்று ஏன் இறங்கணும், இன்னொன்று ஏன் ஏறணும்? ராத்திரியெல்லாம் தூக்கமில்லை. காலையில் ஓரடி பிவிசி பைப்பை எடுத்து விளிம்பில் ஊதினேன். அடியை உள்ளங்கையால் மூடினால் சுரம் ஒரு ஸ்தாயி இறங்குகிறது. மூடியபடியே அழுத்தி ஊதினால் மேல் ச வராமல் அதையும் தாண்டி மேல் ப வருகிறது! நம் கிளாரினெட்டும் அப்படித்தான். நேர்க்குழாய், ஊதுகிற ரீட் பக்கம் அடைப்பு, அதனால் அடிச்சுரத்துக்கு அடுத்து வருவது மூன்று மடங்கு அதிர்வு, அதாவது மேல் ப. காற்று அதிகம் அழுத்தி நெரிகிற இடத்தில் உள்துளை அகன்றால் சுரம் இறங்கும், அதிகம் ஓடுகிற இடத்தில் அகன்றால் ஏறும். ச-வுக்கு நெரிசலாக இருக்கும் அந்த ஒரு சாண் இடம்தான் மேல் ப-வுக்கு ஓட்டமான இடம். பாவம், அந்த மனுஷனுக்கு இது தெரிந்திருக்காது.

உன் நாகசுரத்திலும் ஊதுகிற சீவாளிப் பக்கம் அடைப்புதானே? ஆனால் அதன் மரக்குழல், அந்த உலவு, மேலே குறுகி அடியில் புனல் மாதிரி இருக்கிற அணசு வரை விரிந்துகொண்டே போவதால் அழுத்தினால் மேல் ச வந்துவிடுகிறது, விரலும் மாற வேண்டாம். "ஸ்தாயி மாறினா விரலும் மாறுமா, என்ன வாத்தியம்டா இது" என்று மொட்டைமாடியில் என்னை எத்தனை நாள் ஓட்டினாய்! இப்போது வந்து என் பைப்பை ஊதிப் பார்.

சரி, ஒரு உதவி. நரசிங்கப்பேட்டையில் உனக்குக் குழல் கடைகிற ஆசாரியிடம் கேள். ஆச்சா மரமோ கருங்காலியோ, மேல் துண்டை மட்டும் கடைந்து தருவாரா? உள்துளை ஏறக்குறைய 15 மி.மீ. தேயாத இடங்களில் அளந்து படம் போட்டு அனுப்புகிறேன். மாஸ்டர் கைபட்ட சாவிகளை அதிலேயே பொருத்திக்கொள்ளலாம். ஆடிக்குள் பதில் எழுது.

உன்,
மணி