பச்சை இலை போட்ட காடோ காடோவில் பெலாச்சான்

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
உணவகத் தலைமை அலுவலகம், சிங்கப்பூர்.

பொருள்: சைவம் என்று குறிக்கப்பட்ட உணவில் பெலாச்சான் என்ற இறால் விழுது கலந்திருந்தது பற்றி

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

நான்கு அதிகாரத்துவ மொழிகளில் எதில் வேண்டுமானாலும் எழுதலாம் என்று உங்கள் கருத்துப் படிவத்தில் போட்டிருக்கிறீர்கள். அதனால் தமிழிலேயே எழுதுகிறேன்.

சென்ற வெள்ளிக்கிழமை இரவு உங்கள் நகர்மையக் கிளைக்கு நண்பர்கள் ஐந்து பேர் வந்தோம். தோழி ஒருத்திக்குப் புது வேலை கிடைத்திருந்தது, அதற்கான விருந்து. அவள் பிறந்ததிலிருந்து சைவம், முட்டைகூடத் தொடமாட்டாள். இந்தோனேசியச் சாப்பாடு என்றதும் "எனக்கு அங்கே என்ன கிடைக்கும்?" என்று தயங்கினாள். உங்கள் இணைய மெனுவைத் திறந்து காட்டினோம். காடோ காடோ (வேர்க்கடலைச் சாற்றோடு அவித்த காய்கறி), சாயூர் லோடே (தேங்காய்ப்பால் காய்கறிக் குழம்பு), தாஹு தெலோர் (தாஹு என்ற சோயாக் கட்டியை முட்டையோடு பொரித்தது) என்று பல உணவுகளுக்குப் பக்கத்தில் பச்சை இலைப் படம். பக்கத்தின் அடியில் 'இலை: சைவம்' என்று விளக்கம். அதைப் பார்த்த பிறகுதான் அவள் வரச் சம்மதித்தாள்.

மேசையில் ஒட்டியிருந்த கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து ஆர்டர் கொடுத்தோம். முட்டை வேண்டாம் என்று குறிப்பெழுத அந்தச் செயலியில் இடமே இல்லை. ஆகவே பரிமாறும் தம்பி ஒருவரைக் கூப்பிட்டோம். "காடோ காடோவில் முட்டை வேண்டாம். மற்றபடி மீன், இறால், பெலாச்சான் எதுவும் இல்லையே?" என்று தோழி தெளிவாகவே கேட்டாள். "இலை போட்டிருக்கே, எல்லாம் சைவம்தான்" என்றார் அவர். சமையலறைக்குப் போய் விசாரிக்கவில்லை. இருபது வயதுகூட நிரம்பாதவர் போலிருந்தார், மெனுவில் இருப்பதைத்தான் அவரும் நம்பினார். அவர்மேல் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பதற்காக நான் இதை எழுதவில்லை. தயவுசெய்து பழியை அவர் தலையில் போட்டுவிட்டுக் கோப்பை மூடிவிடாதீர்கள்.

தட்டு வந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. அவித்த பயற்றங்காய், முட்டைக்கோஸ், தவ்கே என்ற பயறு முளை, பொரித்த தாஹு, புளிக்கவைத்த சோயாவில் செய்யும் தெம்பே, லோந்தோங் என்ற சோற்றுக் கட்டி, நடுவில் ஒரு கிண்ணம் கடலைச் சாறு. முட்டை இல்லை. ஆனால் மேலே இளஞ்சிவப்பு நிறத்தில் இரண்டு கெரோப்போக் அப்பளங்கள் செருகியிருந்தன. எங்களோடு வந்த மலாய் நண்பர் அவற்றை எடுத்துத் தன் தட்டில் போட்டுக்கொண்டு, "இது இறால் கெரோப்போக், நீ தொடாதே" என்றார். அதற்குள் அவள் தெம்பேயைச் சாற்றில் தோய்த்து இரண்டு வாய் சாப்பிட்டிருந்தாள். நண்பர் கரண்டி நுனியால் சாற்றைத் தொட்டு நாக்கில் வைத்தார். ஒன்றும் சொல்லாமல் கிண்ணத்தைத் தன் பக்கம் நகர்த்தினார். அவள் விடாமல் கேட்டதும்தான், "பெலாச்சான் இருக்கு. நல்லா வாட்டித்தான் போட்டிருக்காங்க" என்றார்.

அவள் எழுந்து போய் வாய் கொப்பளித்துவிட்டு வந்தாள். அதற்கப்புறம் அன்றிரவு அவள் குடித்தது ஒரு டம்ளர் எலுமிச்சைச் சாறு மட்டும். யாருக்காக விருந்தோ அவள் பட்டினி கிடக்க, மற்ற நான்கு பேர் எப்படிச் சாப்பிட்டிருப்போம் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

கிளை மேலாளர் வந்தார், மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் பேசிய விஷயம்தான் என்னை எழுத வைத்தது. முதலில், "வாசனைக்குக் கொஞ்சம்தான் சேர்ப்போம்" என்றார். சைவம் சாப்பிடுகிறவருக்குக் கொஞ்சம் என்ற கணக்கே கிடையாது. அடுத்து, "பெலாச்சானை எடுத்துவிட்டால் இந்தோனேசிய ருசி போய்விடும்" என்றார். கடைசியாக, கடலைச் சாறு மத்தியச் சமையலறையிலிருந்து பொட்டலமாக வருகிறது, கிளையில் எதையும் மாற்ற முடியாது என்றார்.

நீங்கள் கவனிக்க வேண்டியது அந்தக் கடைசிப் பதிலைத்தான். சாறு ஒரே இடத்தில் தயாராகிறது என்றால் அதில் என்னென்ன சேர்கிறது என்பது உங்கள் தலைமை அலுவலகத்தில் எழுத்தில் இருக்கும். மெனுவில் இலை வரைவதும் அதே அலுவலகம். அப்படியானால் இது ஒரு கிளையில் ஒரு நாள் நடந்த கைப்பிசகு அல்ல. உங்கள் எல்லாக் கிளைகளிலும் தினமும் இதேதான் நடக்கிறது. அதே இலை போட்ட மற்ற உணவுகளைப் பற்றியும் இப்போது சந்தேகம் வருகிறது. லோடே குழம்பில் உலர்ந்த இறாலை அரைத்துப் போடுவது வழக்கம். தாஹு தெலோர் சாற்றில் பெத்திஸ் சேர்ப்பவர்கள் உண்டு, அதுவும் இறாலில் செய்வதுதான். உங்கள் சமையலறையில் எப்படி?

ருசி போய்விடும் என்பதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். பெலாச்சானுக்கு நான் எதிரி இல்லை. அதைப் போட்டு அரைக்கும் சம்பல் தெராசி இருந்தால் இன்னொரு தட்டு சோறு கேட்கிற ஆள் நான். உங்கள் மற்ற உணவுகளிலிருந்து அதை எடுக்கச் சொல்லவும் இல்லை. ஆனால் வேர்க்கடலை, மிளகாய், பூண்டு, கூலா மலாக்கா என்ற பனை வகை வெல்லம், புளி, கச்சோலம் இவற்றை வைத்தே நல்ல கடலைச் சாறு அரைக்கலாம். இறால் கெரோப்போக் இருக்கும் இடத்தில் மெலிஞ்சோ கொட்டையைத் தட்டிப் பொரிக்கும் எம்பிங் வைக்கலாம். காடோ காடோவுக்கு எம்பிங் ஒன்றும் புதிதல்ல, ஜகார்த்தாவிலேயே அப்படித்தான் பரிமாறுகிறார்கள். இந்தச் சிரமம் வேண்டாம் என்றால் இலையை அழித்துவிடுங்கள். அதுவும் நேர்மையான வழிதான். கம்போங் கிளாம் வட்டாரத்தில், சோறும் கறிகளும் விற்கும் நாசி பாடாங் கடைக் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் நிற்கும் மாக்சிக் (மலாய் அம்மா), கையை ஆட்டி "இதில் இறால் இருக்கு, உனக்கு வேண்டாம்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். அங்கே இலையும் இல்லை, கியூஆரும் இல்லை, ஏமாற்றமும் இல்லை.

சைவம் என்பது என் தோழியின் பழக்கம். ஆனால் இறால் ஒத்துக்கொள்ளாத ஒருவர் அந்த இலையை நம்பிச் சாப்பிட்டிருந்தால் ஆம்புலன்ஸைத்தான் கூப்பிட்டிருக்க வேண்டும். பொட்டலத்தில் அடைத்து விற்கும் உணவில் இறால், நண்டு போன்றவை இருந்தால் அதை லேபிளில் குறிப்பிட வேண்டும் என்பது சிங்கப்பூரில் விதி. தட்டில் வைத்துக் கொடுக்கும் உணவுக்கு லேபிள் இல்லை, மெனுவும் பரிமாறுபவர் சொல்லும் சொல்லும்தான் இருக்கின்றன. இரண்டும் அன்று தப்பாக இருந்தன.

ரெண்டாங் என்ற இறைச்சிக் கறி பற்றியும் ஒரு வார்த்தை. மெனுவில் 'எட்டு மணி நேரம் சமைத்த மினாங் ரெண்டாங்' என்றிருக்கிறது. வந்ததோ குழம்பு, சோற்றில் ஊற்றிப் பிசையலாம். தேங்காய்ப்பால் வற்றி எண்ணெய் பிரிந்து, மசாலா இறைச்சியோடு ஒட்டிக் கருக்க வேண்டாமா? பாதியில் இறக்கினால் அது காலியோ. அதுவும் ருசிதான், அந்தப் பெயரிலேயே விற்கலாமே. மற்றபடி சுட்ட மீனும் சம்பல் மாத்தா என்ற பச்சைச் சம்பலும் பிரமாதம், அதை மறைக்க மாட்டேன்.

இனி ரசீது. சாப்பாட்டுக்கு 148 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), அதன்மேல் 10 விழுக்காடு சேவைக் கட்டணம் 14.80, எல்லாவற்றுக்கும் மேல் 9 விழுக்காடு பொருள், சேவை வரி. ஆக 177.45 வெள்ளி. ஆர்டரை நாங்களே கைப்பேசியில் போட்டோம், தண்ணீரை நாங்களே எழுந்து போய்ப் பிடித்துக்கொண்டோம். கேட்ட ஒரே கேள்விக்கும் தப்பான பதில். அந்த 14.80 வெள்ளி எந்தச் சேவைக்கு? 16.90 வெள்ளி காடோ காடோவைக்கூட ரசீதிலிருந்து எடுக்கவில்லை. பதிலுக்கு செண்டோல் இனிப்பு ஒன்று இலவசம் என்றார் மேலாளர், வேண்டாம் என்றோம். மறுநாள் உங்கள் இணையப் படிவத்தில் எழுதியதற்கு, அடுத்த வருகைக்கு 10 விழுக்காடு தள்ளுபடிக் கூப்பன் தானாக வந்து விழுந்தது. வெள்ளி, சனி, ஞாயிறு, பொது விடுமுறை நாள்களில் செல்லாதாம்!

நான் கேட்பது இதுதான். காடோ காடோவுக்கு வாங்கிய தொகையைக் கட்டணம், வரி சேர்த்து 20.26 வெள்ளியாகவும், மீதி ரசீதுக்கான சேவைக் கட்டணத்தையும் திருப்பித் தாருங்கள். மெனுவில் இலை போட்ட ஒவ்வோர் உணவையும் மத்தியச் சமையலறையின் சேர்பொருள் பட்டியலோடு ஒப்பிட்டு, சரிபார்க்காதவற்றிலிருந்து இலையை உடனே நீக்குங்கள், அச்சடித்த மெனுவில் ஸ்டிக்கர் ஒட்டியாவது. ஆர்டர் செயலியில் குறிப்பெழுத ஒரு கட்டம் வையுங்கள். பரிமாறுபவர்களிடம், தெரியாவிட்டால் "சமையலறையில் கேட்டுச் சொல்கிறேன்" என்று சொல்லலாம் என்று சொல்லிவையுங்கள். என் தோழிக்குத் தனியாக ஒரு மன்னிப்புக் கடிதம் அனுப்புங்கள். "விடுங்கப்பா, பரவாயில்லை" என்று அவள் சொல்லிவிட்டாள், எனக்குத்தான் மனம் ஆறவில்லை.

ரசீதின் நகல், தட்டின் படம், அன்றைய மெனுப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட் மூன்றையும் இணைத்திருக்கிறேன். இரண்டு வாரத்துக்குள் ஒரு மனிதர் எழுதிய பதில் வர வேண்டும். வராவிட்டால் இதே கடிதத்தை இதே இணைப்புகளோடு சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்துக்கு அனுப்புவேன். கூப்பனை நான் பயன்படுத்தப் போவதில்லை, ரத்து செய்துவிடலாம்.

இப்படிக்கு,
அன்றிரவு ரசீதுக்குப் பணம் கட்டிய வாடிக்கையாளர்