பெஸ்ட் கன்ட்ரோலைக் கூப்பிடும் முன்: சென்னைக் குடியிருப்போர் நலச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்களின் தலைவர்கள், செயலாளர்கள், பொருளாளர்கள் அனைவருக்கும்,

வணக்கம். சம்பளம் இல்லாத வேலை பார்க்கிறீர்கள். லாரித் தண்ணீர், லிப்ட் பழுது, பார்க்கிங் தகராறு என்று வாட்ஸ்அப் குரூப்பில் தினமும் வசை வாங்குபவர்களிடம் இன்னொரு கோரிக்கை வைக்கத் தயக்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் இதை அரசுக்கு எழுதுவதைவிட உங்களுக்கு எழுதினால் சீக்கிரம் பலன் கிடைக்கும் என்று நினைக்கிறேன். இந்த ஊரில் ஒரு தேன்கூடு இருக்கலாமா கூடாதா என்று முடிவு செய்வது பெரும்பாலும் நீங்கள்தானே.

எட்டாவது மாடி சன்ஷேடுக்கு அடியில் கூடு. யாரோ படம் எடுத்து குரூப்பில் போடுகிறார்கள். "குழந்தைகள் விளையாடும் இடம், செக்ரட்டரி என்ன செய்கிறார்?" என்று அடுத்தடுத்து செய்தி. அன்று இரவே ஆள் வந்து மருந்து அடிக்கிறார், அல்லது பந்தம் கொளுத்துகிறார். காலையில் ஹவுஸ்கீப்பிங் அக்கா செத்த தேனீக்களை ஒரு முறம் நிறைய அள்ளிக் கொட்டுகிறார். பில்லுக்குப் பணம் கொடுத்ததும் விஷயம் முடிந்துவிடுகிறது.

பயம் நியாயமானதுதான், அதை நான் கேலி செய்யவில்லை. உயரக் கட்டடங்களிலும் தண்ணீர்த் தொட்டிகளுக்கு அடியிலும் அடை கட்டுவது மலைத்தேனீ. ஒரே அடைதான், ஒரு மீட்டர் அகலம்கூட வளரும், அதன்மேல் பல்லாயிரம் தேனீக்கள் போர்வை மாதிரி மூடியிருக்கும். சீண்டினால் கூட்டமாகத் துரத்தும். ஒன்று கொட்டியதும் அந்த இடத்தில் எழும் வாடை மற்றவற்றையும் அங்கே இழுக்கும். ஒவ்வாமை உள்ளவருக்கு ஒரு கொட்டே ஆபத்தாகலாம். மூச்சுத் திணறல், முகவீக்கம் தெரிந்தால் வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் 108ஐ அழைக்க வேண்டும். ஆனால் சீண்டாத கூடு தானாக இறங்கி வந்து யாரையும் தாக்குவதில்லை. கல், புகை, கூட்டைக் கொத்த வரும் பருந்து, தீபாவளி ராக்கெட், இவைதான் வழக்கமான காரணங்கள்.

இந்த மலைத்தேனீயைப் பெட்டியில் வைத்து வளர்க்க முடியாது. பூ தேடி ஊர் ஊராகப் போகிற இனம் இது, பருவத்துக்குப் பருவம் 100 கிலோமீட்டருக்கு மேல்கூட இடம் மாறும். சில மாதம் தங்கும், அடையை விட்டுவிட்டுக் கிளம்பிவிடும், மறு வருடம் அதே சன்ஷேடுக்குத் திரும்பி வருவதும் உண்டு. அதாவது உங்கள் எட்டாவது மாடியில் நீங்கள் கொளுத்துவது யாரோ ஒரு விவசாயி அடுத்த பருவத்தில் எதிர்பார்த்திருக்கும் கூட்டமாகவும் இருக்கலாம். மருந்தடித்த அடையைக் கழற்றாமல் விட்டால் இன்னும் மோசம். அதில் மிச்சமிருக்கும் தேனை மற்ற கூட்டுத் தேனீக்கள் வந்து எடுத்துப் போகும், விஷத்தோடு சேர்த்து.

எல்லாக் கூடும் மலைத்தேனீக் கூடு இல்லை. பால்கனி செம்பருத்திக் கிளையில் உள்ளங்கை அளவு தொங்குவது கொம்புத்தேனீ. சாதுவானது, செடியை உலுக்காமல் இருந்தால் போதும். சுவர் இடுக்கில் மெழுகுக் குழாய் நீட்டிக்கொண்டிருப்பது கொசுத்தேனீ. அதற்குக் கொட்டவே தெரியாது. அதற்கும் மருந்து அடிக்கச் சொல்கிறவர்களை என்ன சொல்ல! மரப்பொந்திலோ மீட்டர் பெட்டியிலோ குடியேறும் இந்தியத் தேனீயை, விவரம் தெரிந்த தேனீ வளர்ப்பவர் ராணியோடு எடுத்துப் பெட்டிக்கு மாற்றிவிடுவார். கிளையில் கொத்தாகத் தொங்கும் கூட்டத்தில் அடையே இல்லையென்றால் அது வழிப்போக்கர் கூட்டம், பெரும்பாலும் ஓரிரு நாளில் போய்விடும்.

இன்னொரு புகார் ராத்திரியில் காரிடாருக்குத் தேனீ வருகிறது என்பது. மலைத்தேனீ நிலவொளியிலும் இரை தேடும், அதனால் விளக்குக்கு வரும். கூட்டுக்கு நேர் எதிரே உள்ள விளக்கை மட்டும் சில வாரம் அணைத்து வையுங்கள், தொல்லை குறையும். மருந்துச் செலவே இல்லாத வைத்தியம், ஆனால் குரூப்பில் இதை எழுதினால் ஏனோ யாருக்கும் திருப்தி வருவதில்லை.

சரி, நகரத்துத் தேனீ செத்தால் நமக்கென்ன? பங்குனி, சித்திரையில் நாம் வண்டியை நிறுத்தி வாங்குகிற தர்பூசணியை எடுத்துக்கொள்ளுங்கள். திண்டிவனம், மதுராந்தகம் பக்கத்திலிருந்து நிறைய வருகிறது. ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. பெண் பூ ஒரே ஒரு நாள்தான் திறந்திருக்கும். அந்தக் காலை நேரத்துக்குள் தேனீ பலமுறை வந்து போனால்தான் காய் சீராகத் திரளும். மகரந்தம் குறைந்தால் ஒரு பக்கம் சூம்பிய காய், இல்லையென்றால் பிஞ்சிலேயே வெம்பி உதிரும். பூசணி, பாகல் இரண்டுக்கும் இதே கதைதான். மொட்டை மாடியில் தோட்டம் போட்டவர்களுக்கு இது தெரியும். தேனீ வராத மாடியில் காலை ஆறரைக்கு பெயின்ட் பிரஷ்ஷோடு பூப்பூவாகத் தொட்டுக்கொண்டிருப்பவர்களை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

அந்த வயல்களில் தேனீக்கு என்ன நடக்கிறது என்பதிலும் உங்களுக்கு ஒரு பிடி இருக்கிறது. உங்களில் பலர் ஞாயிற்றுக்கிழமை வளாகத்துக்குள் காய்கறிக் கடை போட விவசாயிகளை அனுமதிக்கிறீர்கள். இதுவரை வாடகை, இடம், பிளாஸ்டிக் பை பற்றி மட்டும் பேசியிருப்பீர்கள். இனி எப்படி விளைவிக்கிறார்கள் என்றும் கேளுங்கள். மண்ணை மீட்டெடுக்கும் விவசாயம் செய்கிறவர் அடிக்கடி ஆழ உழமாட்டார், நிலத்தை வெறுமனே விடாமல் இலை, வைக்கோலால் மூடாக்கு போடுவார். தனியாக வாழும் தேனீ இனங்களில் பெரும்பாலானவை மண்ணுக்குள்தான் முட்டையிடுகின்றன. கண்டபடி உழாத நிலம் அவற்றுக்கு வீடு. வரப்பில் எள், சூரியகாந்தி, தட்டைப்பயறு இருந்தால் வெள்ளாமைப் பூ இல்லாத நாளிலும் தேனீக்கு இரை கிடைக்கும்.

பசுந்தாள் உரத்தைப் பற்றி, அதாவது உரத்துக்காகவே வளர்த்து மண்ணில் மடக்கி உழும் செடிகளைப் பற்றி, தனியாகச் சொல்ல வேண்டும். 2024இல் தொடங்கிய மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம் திட்டத்தில் அரசு மானிய விலையில் பசுந்தாள் உர விதை கொடுக்கிறது. தக்கைப்பூண்டையும் சணப்பையையும் பூவெடுக்கும் சமயத்தில் மடக்கி உழுவதுதான் வழக்கம், மண்ணுக்கு அதுதான் சரி. ஆனால் ஓரமாக ஒரு கீற்றை விட்டு உழுதால் அந்த மஞ்சள் பூவுக்கு நாம் கருவண்டு என்று சொல்லும் பெரிய கறுப்புத் தேனீ வரும். கத்தரி, தக்காளிப் பூவை அதிரவைத்து மகரந்தம் உதிர்க்கத் தெரிந்தது அது. சாதாரணத் தேனீக்கு அந்த வித்தை வராது. முருங்கைக்கும் அதுவே முக்கியம்.

மருந்து விஷயத்தில் விவசாயியிடம் கண்டிப்பாக இருக்கலாம். இமிடாகுளோபிரிட் உட்பட மூன்று நியோநிகோட்டினாய்டு வகைப் பூச்சிக்கொல்லிகளைத் திறந்தவெளிப் பயிரில் பயன்படுத்த ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் தடை போட்டது. நம் ஊர் உரக்கடையில் இமிடாகுளோபிரிட் சாதாரணமாகக் கிடைக்கிறது. அதைத் தொடாதவருக்கு முன்வரிசை இடம் கொடுங்கள். வேப்பங்கொட்டைக் கரைசலாகவே இருந்தாலும் காலையில் பூ மேல் அடிக்காமல் சாயங்காலம் அடிப்பவர் நல்லவர். பதிலுக்கு நாமும் கொஞ்சம் இறங்கி வர வேண்டும். புழு அரித்த வெண்டைக்காயைத் தூக்கிப் போட்டுவிட்டு, அப்புறம் 'மருந்து இல்லாததா?' என்று கேட்பது முறையில்லை.

வளாகத்துக்குள்ளும் வேலை இருக்கிறது. புல்வெளி, போகன்வில்லா, கத்தரித்த வேலிச்செடி, இவற்றில் தேனீக்கு ஒன்றும் பெரிதாகக் கிடைக்காது. ஒரு புங்கமரம் இவை எல்லாவற்றுக்கும் மேல். துளசியைக் கிள்ளுகிறவர்கள் ஓரிரு செடியையாவது பூக்க விடலாம். கொசுப் புகை அடிக்கும் நாளில் கூடு இருக்கும் பக்கம் போகாதீர்கள். திறந்த அடைக்குப் புகையிலிருந்து தப்ப வழியில்லை. பிள்ளைகளுக்குக் கோடை முகாம் நடத்துகிறவர்கள், ஞாயிற்றுக்கிழமை கடை போடும் விவசாயியின் நிலத்துக்கே ஒரு நாள் வேன் வைத்து அழைத்துப் போகலாம். பறங்கிப் பூ விரிவதைப் பார்க்க வேண்டுமென்றால் விடியற்காலையில் அங்கே இருக்க வேண்டும், அதனால் பெற்றோர் முணுமுணுப்பார்கள்.

கடைசியாக, காகிதத்தில் ஒரு வேலை. பெஸ்ட் கன்ட்ரோல் ஏ.எம்.சி.யை, அதாவது ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தை, புதுப்பிக்கும்போது கரப்பான், கரையான், எலி என்று எழுதியிருக்கும் பட்டியலில் தேனீயும் இருந்தால் அந்தப் பெயரைக் கோடு போட்டு நீக்கிவிடுங்கள். அதற்குப் பதில், கூடு நடமாட்டத்துக்குத் தொலைவில் இருந்தால் கீழே கயிறு கட்டி அறிவிப்பு வைப்பது என்றும், விளையாட்டு இடத்துக்கோ படிக்கட்டுக்கோ அருகில் இருந்தால் மருந்தும் பந்தமும் இல்லாமல் இரவில் பக்குவமாகப் புகை காட்டி அடையை எடுக்கத் தெரிந்தவரை மட்டுமே அழைப்பது என்றும் செயற்குழுவில் தீர்மானம் போடுங்கள். செக்யூரிட்டி அறையில் அவருடைய எண்ணை இப்போதே ஒட்டி வையுங்கள், கூடு வந்த பிறகு தேடினால் நேரம் இருக்காது.

அன்புடன்,
மாடித்தோட்டம் வைத்திருக்கும் ஒரு சென்னைவாசி