எங்கள் லயத்துக்கு உள்ளேயும் இருக்கிறது

ஆசிரியருக்கு,

அமெரிக்க நிறவெறியையும் இந்தியச் சாதியையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பேசும் ஒரு புத்தகத்தைப் போன வாரம்தான் படித்து முடித்தேன். 1959இல் இந்தியா வந்த மார்ட்டின் லூதர் கிங்கை, கேரளாவில் தலித் பிள்ளைகள் படித்த பள்ளியொன்றின் தலைமையாசிரியர் ‘அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் தீண்டத்தகாதவர்’ என்று அறிமுகப்படுத்தினாராம். கிங்குக்கு முதலில் சுருக்கென்றிருந்தது, அப்புறம் யோசித்து, ஆமாம், நானும் அப்படித்தான் என்று ஏற்றுக்கொண்டார். அந்த இடத்தில் எனக்கு எங்கள் அப்பாயி ஞாபகம் வந்துவிட்டது.

லயம் என்றால் எங்கள் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகள். மேட்டு லயத்து மேல்சாதி வீடொன்றில் அப்பாயிக்குத் தேத்தண்ணி இஸ்தோப்பில், அதாவது வெளித் திண்ணையில்தான், அதுவும் காது உடைந்த கோப்பையில். குடித்ததும் அவரே கழுவிக் கவிழ்த்து வைக்க வேண்டும். அத்தனைக்கும் அப்பாயியும் அந்த வீட்டுக்காரரும் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் ஒரே பெரட்டில் நின்று, ஒரே மலையில் கொழுந்தெடுத்து, ஒரே துரையிடம் ஏச்சு வாங்கியவர்கள்.

1948இல் இலங்கை அரசு மலையகத் தமிழரான நம் பிரஜாவுரிமையைப் பறித்ததை மேடைக்கு மேடை பேசுகிறோம், சரி, பேசத்தான் வேண்டும். இந்தக் கோப்பையைப் பற்றி யார் பேசுகிறார்கள்? கோபிக்காதீர்கள், உங்கள் ஞாயிறு இதழின் ‘மணமகன் தேவை’ பக்கத்தையும் ஒருமுறை நிதானமாகப் பாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஹட்டன்