நான்கு கால் தொட்டியும் உன் வீட்டுக் குளியலறையும்

ஈஸ்ட் ஹாம், லண்டன்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதமும் வீட்டின் வரைபடமும் வந்து சேர்ந்தன. லெஸ்டரில் சொந்த வீடு, அதுவும் 1890-களில் எழுந்த செங்கல் வரிசை வீடு! திருச்சிக்குத் தொலைபேசியில் அழைத்து அம்மாவிடம் சொன்னேன். "வாசலில் கோலம் போட இடம் இருக்கிறதா?" என்றுதான் முதலில் கேட்டார். இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். முன்பக்கத் திட்டில் சின்னதாக ஒரு படிக்கோலமாவது போட்டுப் படம் அனுப்பு.

இங்கே எல்லோரும் நலம். பெரியவன் செப்டம்பரில் மான்செஸ்டருக்குப் படிக்கப் போகிறான். அம்மா அக்டோபரில் வருகிறார், இந்த ஆண்டு தீபாவளி எங்களோடுதான். மூட்டு வலி முன்பைவிட அதிகம். மாடிப்படியைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். குளியலறையின் நடுவில், ஜன்னலுக்குக் கீழே, சிங்கக் கால்கள் வைத்த வார்ப்பிரும்புத் தொட்டி வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். விக்டோரியா அரசி காலத்து வீட்டுக்கு அதுதான் பொருத்தம் என்று கடைக்காரர் சொன்னாராம். வீடுகளைச் சோதித்து அறிக்கை எழுதுவதே என் தொழில் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பொறுமையாகப் படி.

முதலில் அந்தப் "பொருத்தம்". உன்னுடையதைப் போன்ற வரிசை வீடுகளில் பெரும்பாலானவற்றுக்குக் கட்டியபோது குளியலறையே கிடையாது. தகரத் தொட்டி ஒன்று கொல்லைச் சுவரில் ஆணியில் தொங்கும். வாரத்தில் ஒரு நாள் அதை இறக்கிச் சமையலறை நெருப்புக்கு முன்னால் வைத்து, வெந்நீர் ஊற்றி, ஒருவர் பின் ஒருவராக அதே நீரில் குளிப்பார்கள். 1919-ஆம் ஆண்டு வீட்டு வசதிச் சட்டத்தைத் தொடர்ந்து நகராட்சிகள் கட்டிய வீடுகளில்தான் குளியலறை உழைப்பாளிக் குடும்பங்களுக்கு எட்டத் தொடங்கியது. பழைய வரிசை வீடுகளில் அது பின்னாளில் பின்கட்டுப் படுக்கையறையை விழுங்கி உருவானது. உன் வரைபடத்தைப் பார்த்தால் உன் வீட்டுக் கதையும் அதுவேதான்.

வசதியானவர்களின் வீடுகளில் குழாய் இணைத்த தொட்டிகள் முன்பே இருந்தன. ஆனால் அவற்றில் பலவற்றைச் சுற்றி மகாகனி மரப் பலகை அடித்து மூடியிருந்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில், மூடிய இடத்தில் அழுக்கும் ஈரமும் நோயும் ஒளிந்திருக்கும் என்ற அச்சம் பரவிய பிறகுதான் பலகையைக் கழற்றி, தொட்டியைக் கால்களில் நிறுத்தி, அடியில் துடைக்க வழி செய்தார்கள். நீ அழகென்று பார்க்கும் அந்தக் கால்கள் துடைப்பதற்காக வந்தவை. அமெரிக்காவில் கோலர் நிறுவனம் 1883-இல் குதிரைக்குத் தண்ணீர் காட்டும் தொட்டிக்கு எனாமல் பூசி, நான்கு கால் பொருத்திக் குளியல் தொட்டியாக விற்றதாகத் தன் வரலாற்றைச் சொல்கிறது. விசாலமான இடத்துக்குப் பிறந்த பொருள் அது.

உன் அறை 1.8 மீட்டர் அகலம், 2.5 மீட்டர் நீளம். தொட்டி 75 சென்டிமீட்டர் அகலம். அதை நடுவில் வைத்தால் இரு பக்கமும் அரை மீட்டர்தான் மிஞ்சும். பக்கவாட்டில் திரும்பித்தான் நடக்க வேண்டும், வாஷ்பேசின் எங்கே போகும்? சுவரோரம் தள்ளினாலும் கையும் துணியும் நுழையப் பதினைந்து சென்டிமீட்டராவது விட வேண்டும். அந்தச் சந்தில் விழும் முடியும் சோப்பு நுரையும் தூசியும் சேர்ந்து பசையாகிவிடும். வாரந்தோறும் முழங்கால் போட்டு அதைத் துடைக்கப்போவது நீதான். அந்த நாளில் அந்த வேலையைச் செய்யப் பெரிய வீடுகளில் பணிப்பெண் இருந்தாள்.

எடைதான் எனக்கு முக்கியம். வார்ப்பிரும்புத் தொட்டி ஏறக்குறைய 140 கிலோ, உள்ளே நீர் 180 லிட்டர் என்றால் 180 கிலோ, மேலே ஓர் ஆள். மொத்தம் 400 கிலோ நெருங்கும். அது முழுவதும் நான்கு கால்களில் நிற்கிறது, காலுக்கு நூறு கிலோ. இதனாலேயே தரை இடிந்து விழாது, பயப்படாதே. ஆனால் பின்கட்டு மாடியின் உத்தரங்களைக் குழாய் பதிக்க யார் யார் எங்கெங்கே வெட்டினார்களோ தெரியாது. பாதி ஆழம் வெட்டுண்ட உத்தரங்களையும், பழைய கசிவில் சுவர் முனையில் உளுத்துப்போனவற்றையும் நான் அடிக்கடி பார்க்கிறேன். அக்ரிலிக் என்ற பிளாஸ்டிக் தொட்டி என்றால் எடை முப்பது நாற்பது கிலோவோடு நின்றுவிடும், சூடும் சீக்கிரம் இறங்காது. இரும்பு முதலில் ஊற்றும் வெந்நீரின் சூட்டைத் தான் குடித்துவிட்டுத்தான் உனக்குத் தரும்.

வெந்நீரைப் பற்றியும் யோசி. உன் காம்பி பாய்லர், அதாவது நீரைச் சேமித்து வைக்காமல் குழாயைத் திறந்ததும் சூடாக்கித் தரும் கருவி, குளிர்காலத்தில் நிமிடத்துக்குப் பன்னிரண்டு லிட்டர் கொடுத்தாலே நல்லது. தொட்டி நிறையக் கால் மணி நேரம் ஆகும். நான்கு பக்கமும் திறந்த தொட்டியில் அதற்குள் ஆறவும் தொடங்கிவிடும். மூடிய தொட்டியாக இருந்தால் பலகைக்குப் பின்னால் வெப்பக் காப்புப் பஞ்சு திணிக்கலாம்.

உன் மாமியார் மார்ச் வரை உன்னோடு இருக்கப்போகிறார் என்று எழுதியிருக்கிறாய். இதைத்தான் எல்லாவற்றுக்கும் மேலாக நினைத்துப் பார். சிங்கக் கால் தொட்டியின் விளிம்பு தரையிலிருந்து அறுபது சென்டிமீட்டர் உயரம் இருக்கும். எழுபது வயதுக்காரர் ஈரக்காலோடு அதைத் தாண்ட வேண்டும், பிடித்துக்கொள்ளப் பக்கத்தில் சுவர் இல்லை. வாளியும் சொம்பும் வைத்துக் குளித்துப் பழகியவர்கள் நம் பெரியவர்கள். இந்த ஊர்க் குளியலறைத் தரையில் நீர் போக வழி கிடையாது, ஆகவே தொட்டிக்குள் முக்காலி போட்டு உட்கார்ந்துதான் ஊற்றிக்கொள்ள வேண்டும். இரு முனையும் சரிந்த தொட்டியில் முக்காலி சமமாக நிற்காது. அதிலும் தீபாவளியன்று எண்ணெய் தேய்த்துக்கொண்டு இறங்கினால்? நினைக்கவே எனக்கு நடுங்குகிறது. ஷவருக்கு வட்டக் கம்பியும் திரையும் மாட்டலாம் என்பார்கள். அந்தத் திரை உடம்பில் ஒட்டும், நீர் வெளியே சிந்தும், சிந்திய நீர் பலகை இடுக்கு வழியாக உன் சமையலறைக் கூரைக்குப் போகும்.

ஆகவே என் யோசனை இது. அடி தட்டையான 1.7 மீட்டர் தொட்டியை நீளச் சுவரோடு ஒட்டி வை. சுவரைத் தொடும் இடத்தைச் சிலிக்கானால் அடை. முன்பக்கத்தை நீள் மரப்பட்டிகளால் மூடி, அடர்பச்சையோ கருநீலமோ எண்ணெய் வண்ணம் பூசு. கழிவுக் குழாய்ப் பக்கம் கழற்றக்கூடிய ஒரு பலகை கட்டாயம் இருக்கட்டும். பித்தளைக் குழாய்களும், கறுப்பு வெள்ளைத் தரையும், வார்ப்பிரும்பு ரேடியேட்டரும் சேர்ந்தால் உன் வீட்டின் காலத்துக்கு எந்தக் குறையும் வராது. மரத்தால் மூடிய தொட்டியும் விக்டோரியா காலத்ததுதான். சுவரில் உறுதியான கைப்பிடி ஒன்று வை, அதன் ஆணிகள் செங்கல்லுக்குள் இறங்க வேண்டும். இங்கிலாந்தில் புதிய வீடுகளில் தொட்டிக்கு வரும் வெந்நீர் 48 டிகிரியைத் தாண்டக் கூடாது என்று விதி. உன் பழைய வீட்டை அது கட்டுப்படுத்தாது, இருந்தாலும் வெப்பம் கட்டுப்படுத்தும் வால்வைப் போட்டுவிடு.

பெரிய அறையும் கீழ்த்தளத்துக் கான்கிரீட் தரையும் இருந்திருந்தால் அந்தச் சிங்கக் கால் தொட்டியை நானே உன்னோடு வந்து தேர்ந்தெடுப்பேன். அதன் அழகு எனக்கும் பிடிக்கும்.

முன்பணம் இன்னும் கொடுக்கவில்லைதானே? கொடுக்காதே. அடுத்த வாரம் தரைவிரிப்பைச் சுருட்டிப் பலகைகளில் ஆணி வரிசை எந்தத் திசையில் ஓடுகிறது என்று பார், உத்தரம் அதன் கீழேதான் இருக்கும். இரண்டு வரிசைகளுக்கு இடையிலான தூரத்தையும் அளந்து எழுது. பெரியவனை மான்செஸ்டரில் விட்டுவிட்டுத் திரும்பும்போது உன் வீட்டுக்கு வருகிறேன். ஈரப்பத மானியையும் கொண்டுவருவேன். வத்தக்குழம்பு வைத்திரு.

அன்புடன்,
உன் பழைய விடுதித் தோழி